ஆறு ரோஜாச் செடிகளுக்கு மொட்டை போட்ட கதை

மிஸ்டர் லிங்கன் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பூவை முகர்ந்து பார்க்க வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓர் இலை கிடையாது, வெறும் சாம்பல் நிறக் கம்புகள். அதற்கு மேல் கொஞ்சம் பச்சை, உச்சியில் இரண்டு பூ. என்னிடம் இருந்த ஆறு ஹைப்ரிட் டீ ரோஜாக்களில் (நீளக் காம்பில் பெரிய பூ விடும் கலப்பின வகை) மற்ற ஐந்தும் இவ்வளவு மோசமில்லை என்றாலும் சோகை பிடித்த மாதிரிதான் நின்றன. எல்லாம் ஐந்து வருடச் செடிகள். உரத்திலோ தண்ணீரிலோ வெயிலிலோ குறை வைக்கவில்லை. வெட்டுவதில்தான் குறை.

போன வருடமும் கவாத்து செய்தேன். அதாவது, செய்ததாக நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கிளையிலும் நுனியில் ஒரு சாண் வெட்டினேன், அதற்குமேல் மனசு வரவில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே நாலைந்து குச்சிகள் கொத்தாகக் கிளம்பின, துடைப்பக் குச்சி மாதிரி. பூ வந்தது, ஆனால் பாதி அளவு. காம்புக்குப் பூவைத் தாங்கத் தெம்பில்லை, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

ஏன் அப்படி என்பது யோசித்தால் எளிதுதான். ஹைப்ரிட் டீ அந்தப் பருவத்தில் புதிதாகக் கிளம்பும் தளிரின் நுனியில் பூக்கும். அந்தத் தளிர் எந்தத் தண்டிலிருந்து வருகிறதோ, அநேகமாக அதைவிட மெலிதாகத்தான் வரும். பென்சில் பருமனில் வெட்டினால் பென்சிலைவிட ஒல்லியான தளிர், ஈர்க்குப் பருமனில் வெட்டினால் நூல். நான் உச்சியில் ஈர்க்குப் பருமனில் வெட்டிவிட்டுப் பெரிய பூவை எதிர்பார்த்திருக்கிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவு புதராக வளர்ந்து, வருடத்தில் பல தடவை பூக்கும் ஹைப்ரிட் டீக்கு மட்டும். கொடி ரோஜாவையும், வருடத்துக்கு ஒரே தடவை பூக்கும் பழைய ரகங்களையும் இப்படி வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டி எறிந்த மாதிரி ஆகிவிடும். பழைய ரகங்கள் போன வருடத் தண்டில் பூப்பவை.

எப்போது வெட்டுவது என்பதற்கு எங்கும் பொருந்துகிற ஒரே தேதி இல்லை. உறைபனி விழும் இடங்களில் குளிர்காலம் முடியும் தறுவாயில், கண்கள், அதாவது தண்டில் தளிர் கிளம்பும் இடங்கள், லேசாகப் புடைக்கும்போது வெட்டுவார்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் புதுத்தளிர் பனியில் கருகும். உறைபனியே தெரியாத இடங்களில் மழை ஓய்ந்து இரவு குளிர ஆரம்பிக்கும் நேரம் சரி. என் தோட்டம் இரண்டாவது வகை. தொடர்ந்து நாலு நாள் மழை இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு காலைப் பொழுதில் இறங்கினேன். முந்தின நாள் மாலையே வேர் நனைய நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தேன்.

கத்தரி விஷயத்தில் ஒரு பாடம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. முதலில் வைத்திருந்தது, ஒரு பக்கம் கத்தியும் மறுபக்கம் தட்டையான உலோகப் பலகையும் உள்ள வகை. காய்ந்த கட்டைக்கு அது நல்லதுதான். பச்சைத் தண்டை அது வெட்டுவதற்கு முன்னால் நசுக்குகிறது. நசுங்கிய பட்டை பழுப்பாகி, அங்கிருந்து கருகல் கீழே இறங்கும். இப்போது வைத்திருப்பது சாதாரணக் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகை. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெல்லிய, கூரான அலகு செடியில் நிற்கப் போகும் பக்கம் இருக்க வேண்டும், தடித்த கொக்கி அலகு கழித்துப் போடும் பக்கம். கொக்கி படும் இடத்தில் பட்டை சற்று நசுங்கும், அந்தக் காயம் குப்பைக்குப் போகிற துண்டோடு போகட்டும். கத்தரியைத் தலைகீழாகப் பிடித்து மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கும், இரண்டு செடிக்குள் பழகிவிடும்.

கூடவே மடக்கு ரம்பம், முழங்கை வரை வரும் தடித்த கையுறை, 70 சதவீத ஆல்கஹால் கொஞ்சம், பழைய துணி. ஒவ்வொரு செடி முடிந்ததும் அலகைத் துடைத்தேன். நோய் பிடித்த தண்டை வெட்டிய கத்தரியோடு அடுத்த செடிக்குப் போகக் கூடாது. இந்தத் துடைக்கிற வேலை எரிச்சலாகத்தான் இருக்கும், செய்துதான் ஆக வேண்டும்.

மிஸ்டர் லிங்கனில் ஆரம்பித்தேன். 1964இல் வெளிவந்த ரகம், கருஞ்சிவப்பு, மணம் நாலு அடி தள்ளி நின்றாலே வரும். உயரமாகப் போவது இதன் சுபாவம். தூரிலிருந்து ஏழு தண்டுகள் எழுந்திருந்தன.

முதல் இரண்டும் செத்துப் போனவை, சந்தேகமே இல்லை. பட்டை சுருங்கி, விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம். கத்தரிக்கு அடங்காத பருமன், ரம்பத்தால் தூரை ஒட்டி அறுத்தேன். மூன்றாவது, குறுக்கே வளர்ந்து நாலாவதோடு உரசிக்கொண்டிருந்தது. உரசிய இடத்தில் இரண்டிலும் பட்டை போய் மரம் தெரிந்தது. இரண்டில் வயதானதை எடுத்தேன். ஐந்தாவது ஈர்க்கு மாதிரி ஒல்லி, அதுவும் போயிற்று. மிஞ்சியது மூன்று.

அந்த மூன்றில் ஒன்றில்தான் பிரச்சினை. தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு கண்ணுக்கு மேலே வெட்டினேன். வெட்டு முகத்தைப் பார்த்தால் நடுவில் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு வட்டம். தண்டின் நடுவில் இருக்கும் சோறு வெள்ளையாகவோ இளம் பச்சை கலந்த தந்த நிறமாகவோ இருக்க வேண்டும். பழுப்பு என்றால் அந்தத் தண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது, வெளியே பட்டை பச்சையாகவே இருந்தாலும். இன்னும் ஒரு கண் கீழே போய் வெட்டினேன். பழுப்பு. இன்னும் ஒன்று. வட்டம் சிறிதாகியிருந்தது, போகவில்லை. நாலாவது வெட்டில், 35 செ.மீ. உயரத்தில், முகம் முழுக்க வெள்ளை.

கழித்துப் போட்ட துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். பழுப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று தேடினால், போன வருடம் நான் வெட்டிய அதே இடம். கண்ணுக்கு மேலே கட்டைவிரல் நீளத்துக்குக் கட்டை விட்டு வெட்டியிருக்கிறேன், கண்ணுக்கு அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில். அந்தக் கட்டைக்குச் சாறு இழுக்க இலையோ தளிரோ இல்லை. அது காய்ந்தது, காய்ந்தது அதோடு நிற்காமல் கண்ணைத் தாண்டி இறங்கி ஒரு முழம் வரை வந்துவிட்டது. நுனிக்கருகல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். செடியைக் காப்பாற்ற நினைத்துச் செய்த காரியம்.

சரி, எங்கே வெட்ட வேண்டும்? இலைக் காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் கடுகு அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். இலை உதிர்ந்த பழைய தண்டானால் குறுக்கே ஒரு வடு மாதிரிக் கோடும் அதன் மேல் மெல்லிய மேடும் தெரியும். அதுதான் கண். அதற்கு மேலே 6 மி.மீ. விட்டு, கண் இருக்கும் பக்கம் உயரமாகவும் எதிர்ப்பக்கம் தாழ்வாகவும் லேசான சரிவில் வெட்டு. தண்ணீர் பட்டால் கண்ணின் மேல் தேங்காமல் பின்பக்கம் வழிந்துவிடும். சரிவை அதிகமாக்கினால் கண்ணுக்குப் பின்னால் தண்டு மெலிந்து, தளிர் கனமானதும் அந்த இடத்தில் ஒடியும். 6 மி.மீட்டருக்கு அளவுகோல் தேவையில்லை, என் சுண்டுவிரல் நகத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்.

வெளிப்பக்கக் கண்ணைத் தேடுவதற்குக் காரணம், தளிர் கண் பார்க்கும் திசையில்தான் போகும். எல்லாம் வெளியே போனால் செடியின் நடுப்பகுதி கிண்ணம் மாதிரித் திறந்திருக்கும், காற்று புகும், இலை சீக்கிரம் காயும். ஆனால் ஒரு தண்டு ஏற்கெனவே தரையோடு படுக்கிற மாதிரிச் சாய்ந்திருந்தால் அதில் மட்டும் உட்பக்கக் கண்ணை விடுவேன், கொஞ்சம் நிமிரட்டும் என்று.

மூன்று தண்டுகளும் 35, 45, 50 செ.மீ. உயரத்தில் நின்றன. ஆள் உயரச் செடி முழங்காலுக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த பழைய இலைகளையும் கையால் உருவிப் போட்டேன், கரும்புள்ளிப் பூசணம் அவற்றில்தான் தங்கும். அப்பா காலைக் காப்பியோடு வெளியே வந்தார், சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"என்னம்மா, மொட்டையடிச்சுட்ட?"

"வளரும்ப்பா."

"முடி வளரும். இது வளருமா?"

பதில் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அடுத்து பீஸ். மஞ்சளில் இளஞ்சிவப்பு விளிம்பு. பிரான்சிஸ் மெயிலாண்ட் உருவாக்கி, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945இல் அந்தப் பெயரைப் பெற்ற ரோஜா. இதை மற்றவற்றைப் போல ஒட்ட வெட்டக் கூடாது. வெட்டினால் பூவே இல்லாத குருட்டுத் தளிர்களாக விட்டுப் பழிவாங்கும் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வார்கள். அதனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுத்தேன். நடுவில் நெருக்கியிருந்த தண்டுகளைக் கழித்தேன், அவ்வளவுதான்.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் எங்கும் பொருந்துகிற ஒரே கணக்கு இல்லை. குளிர் பிரதேசத்தில் பனி பாதித் தண்டைக் கருக்கிவிடுவதால் 20, 25 செ.மீ. வரை இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். வெப்பமான இடத்தில் அவ்வளவு தேவையில்லை, தண்டில் சேமித்த மாவுச்சத்தை வைத்துத்தான் செடி முதல் இலையை விடுகிறது. பாதியில் நிறுத்துவது பாதுகாப்பு. நலிந்த செடியைக் கடுமையாக வெட்டினால் வேகமாக வளரும் என்று ஒரு கருத்து உண்டு. என் அனுபவத்தில் பாதி உண்மை: தண்டு தடித்து வரும், எண்ணிக்கை குறையும்.

டபுள் டிலைட்டும் பாப்பா மெயிலாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, சேர்த்தே சொல்லிவிடுகிறேன். டபுள் டிலைட் 1977இல் வந்தது, வெண்ணெய் நிறப் பூவின் விளிம்பில் வெயில் பட்டுச் சிவப்பு ஏறும். பாப்பா மெயிலாண்ட் 1963, கறுப்பு வெல்வெட் மாதிரி. இரண்டுக்கும் மணம் அபாரம், இரண்டுக்கும் சாம்பல் நோய் சொந்த பந்தம் மாதிரி. தளிரிலும் மொட்டுக் காம்பிலும் பவுடர் பூசியது போல வெள்ளை படரும். இந்தப் பூசணத்துக்கு இலை நனைய வேண்டியதில்லை, பகலில் வறட்சியும் இரவில் ஈரக்காற்றும் இருந்தால் போதும். செடிகளுக்கு இடையே 40 செ.மீ. கூட விடாமல் நட்டது என் தப்பு. 60 முதல் 75 செ.மீ. விட்டிருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் நிறையப் பூக்கும் என்று நினைத்தேன். ஐந்து வருடம் கழித்து இடம் மாற்றுவது பெரிய வேலை, ஆகவே நடுப்பகுதியைத் தாராளமாகத் திறந்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாவது, பெயர்ச்சீட்டு தொலைந்த மஞ்சள். கரும்புள்ளி நோயில் வருடத்துக்கு இரண்டு தடவை மொத்த இலையையும் உதிர்க்கும். மஞ்சளுக்கு ஏன் இந்தத் தலைவிதி என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு. ஹைப்ரிட் டீயின் முதல் ரகம் என்று பொதுவாகச் சொல்லப்படும் லா பிரான்ஸ் 1867இல் வந்தது, நிறம் இளஞ்சிவப்பு. அந்தக் காலத்து ஹைப்ரிட் டீக்களில் அடர் மஞ்சளே கிடையாது. பெர்னே-டூஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரசீக மஞ்சள் ரோஜாவோடு கலந்து 1900இல் சொலேய் தோர் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் அந்த வழியாகத்தான் நுழைந்தன. கூடவே கரும்புள்ளிக்கு இளகிக் கொடுக்கும் குணமும். ஐம்பது அறுபது வருடம் கழித்து வந்த ரகங்களிலும் அது தொடர்ந்தது. இப்போது வரும் மஞ்சள்களில் தேறியவை நிறைய உண்டு, என்னுடையது தேறாதது.

இந்தச் செடியில் கவாத்து பாதி வேலை, சுத்தம் செய்வது மீதி. கீழே விழுந்த இலை ஒவ்வொன்றையும் பொறுக்கினேன். தண்டில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்த பகுதிகளையும் வெட்டினேன். எதையும் உரக்குழியில் போடவில்லை. பூசண விதை இலையில் ஒட்டிக் கிளம்ப, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் இலை மேல் தண்ணீர் தெளிக்கும் என் பழக்கம் அதற்கு ராத்திரி முழுக்கக் கச்சேரி வைத்துக் கொடுத்திருக்கிறது. இப்போது காலையில், தூருக்கு மட்டும்.

ஆறாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வாங்கும்போது ஆரஞ்சு. முதல் வருடம் ஆரஞ்சுதான் பூத்தது. மூன்றாம் வருடம் தரையிலிருந்து ஒரு தளிர் கிளம்பியது, நேராக, இளம் பச்சையாக, என்ன வேகம்! தூரிலிருந்து புதுத்தண்டு வந்தால் பொக்கிஷம் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட. ஆகவே கம்பு ஊன்றிக் கட்டிப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். ஆரஞ்சுத் தண்டுகள் ஒவ்வொன்றாக மெலிந்து செத்தன. புதியது மட்டும் ஆறடி போயிற்று. கடைசியில் பூத்தது: ஐந்து இதழ், வெள்ளை, சட்டைப் பொத்தான் அளவு, கொத்துக் கொத்தாக. ஒட்டுக்குக் கீழே இருந்த வேர்ச்செடி.

ஹைப்ரிட் டீயில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். வேர் ஒரு காட்டு வகையுடையது, மேலே கண் ஒட்டிய ரகம். இரண்டும் சேரும் இடம் தூரில் முண்டு மாதிரிப் புடைத்திருக்கும். முண்டுக்கு மேலிருந்து வரும் தளிர் நம்முடையது, கீழிருந்து வருவது வேருடையது. ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்லது என்று சொல்லும் வாய்பாட்டை நம்பாதீர்கள், நல்ல ரகங்களும் ஏழு விடும். மண்ணை விலக்கி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் வழி. என்னுடையது மல்டிஃப்ளோரா வேர். அதற்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு: இலைக் காம்பின் அடியில் இருபுறமும் ஒட்டியிருக்கும் செதில், சீப்புப் பல் மாதிரிக் கிழிந்து கிழிந்து இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. இரண்டு வருடம் தினமும் தண்ணீர் ஊற்றியவள் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

சிறிதாக இருக்கும்போதே மண்ணைத் தோண்டி, கிளம்பும் இடத்தோடு சேர்த்துக் கீழ்நோக்கிப் பிய்த்து எறிய வேண்டும். மேலாக வெட்டினால் அடியில் மிச்சமிருக்கும் கண்களிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஒட்டின் மேல் உயிருள்ள தண்டு ஒன்றுகூட இல்லை. கடப்பாரை எடுத்து மொத்தத்தையும் பெயர்த்தேன். அரை நாள் ஆயிற்று.

வேரோடு பெயர்த்ததைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான், வாங்கிய அன்றே இதற்கு விதி எழுதப்பட்டுவிட்டது என்று புரிந்தது. ஒட்டின் முண்டிலிருந்து மொத்தம் இரண்டே தண்டு கிளம்பியிருக்கிறது, இரண்டும் ஒரே பக்கம். வேர் தொட்டிக்குள்ளேயே சுருண்டு முறுக்கிக்கொண்டிருந்த வடிவம் அப்படியே இருந்தது. நான் வாங்கும்போது அதில் மூன்று பூ இருந்தன. பூவைப் பார்த்தேன், கையில் எடுத்தேன், வந்துவிட்டேன்.

அந்தக் குழிக்கு ஒரு செடி தேவைப்பட்டது. ஆகவே இந்தத் தடவை செடி பார்க்கப் போனபோது பூத்த செடிகளை வேண்டுமென்றே தாண்டிப் போனேன். முதலில் தூர். முண்டைச் சுற்றி வெவ்வேறு திசையில் குறைந்தது மூன்று தண்டு, ஒவ்வொன்றும் பென்சிலுக்குக் குறையாத பருமன், பட்டையில் சுருக்கம் கூடாது. முண்டில் வெடிப்போ, பழைய வேர்ச்செடியின் கட்டை அழுகியோ இருந்தால் வேண்டாம். வேரருகில் கரடுமுரடான கட்டி தெரிந்தால் அது வேறு வகைத் தொல்லை, மண்ணிலேயே தங்கிவிடும் பாக்டீரியா, தொடவே கூடாது. பிறகு இலை, அதுவும் அடி இலை. மேல் இலை எல்லாச் செடியிலும் அழகாகத்தான் இருக்கும். தரையை ஒட்டிய இலைகளில் புள்ளி இல்லாமல், உதிராமல் நின்றால் அந்த ரகத்துக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். மருந்தடித்தும் அப்படி வைத்திருக்கலாம், அதனால் பூத்து ஓய்ந்து கவனிப்பில்லாமல் ஒதுக்கி வைத்திருக்கும் செடிகளில் அதே ரகம் இருந்தால் அதைப் போய்ப் பார்ப்பேன். உண்மை அங்கேதான் தெரியும்.

பூவைப் பற்றிக் கேட்டால், இதழ் எண்ணிக்கையைப் பாருங்கள் என்பேன். நாற்பதுக்கு மேல் நெருக்கமாக இதழ் உள்ள பூ, மழையும் ஈரமும் மிகுந்த இடத்தில் விரியாது. வெளி இதழ்கள் நனைந்து காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும், மொட்டு உள்ளேயே அழுகும். இருபது இருபத்தைந்து இதழ் உள்ளது கடும் வெயிலில் காலையில் விரிந்து மாலையில் வாயைப் பிளந்துவிடும். மணத்தைக் காலையில் மூக்கை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 'டீ' என்ற பெயரே, சீனத்திலிருந்து வந்த தாய் ரோஜாக்களின் மணம் தேயிலையை நினைவூட்டியதால் வந்தது என்பார்கள். மூக்கு எனக்கு முக்கியம், ஆகவே நோய் தாங்கும் குணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். வெட்டுப்பூவுக்காக வளர்ப்பவர் வேறு மாதிரி முடிவெடுப்பார்.

பழைய குழியில் அப்படியே நடவில்லை. பல வருடம் ரோஜா இருந்த மண்ணில் புது ரோஜா சவலைப் பிள்ளை மாதிரித்தான் வளரும். 45 செ.மீ. அகலமும் ஆழமும் தோண்டி மண்ணை மாற்றினேன், மக்கிய தொழுவுரம் கலந்து. ரோஜாவுக்குச் சற்றே புளிப்பான மண், கார அமில அளவு 6 முதல் 6.5 வரை இருந்தால் திருப்தி. முண்டு மண்ணுக்கு மேல் இரண்டு விரல் தெரிய நட்டேன். உறைபனி உள்ள இடமானால் முண்டை மண்ணுக்குள் புதைப்பார்கள்.

வெட்டிய பிறகு நடந்தவை.

முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் டபுள் டிலைட்டில் கண்கள் சிவந்து புடைத்தன. பன்னிரண்டாம் நாள் வெட்டிய ஐந்தில் நாலு செடிகளில் அசைவு தெரிந்தது, மஞ்சள் மட்டும் அப்படியே நின்றது. மண்ணில் விரலை விட்டேன், சதசத என்று ஈரம். இலையே இல்லாத செடி தண்ணீரை எப்படிக் குடிக்கும்? நான் பாட்டுக்குப் பழைய கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வாரம் நிறுத்தியதும் அதுவும் விழித்துக்கொண்டது. உரமும் அதே மாதிரிதான், புதுத்தளிர் விரல் நீளம் வந்த பிறகு போட்டால் போதும். அதற்கு முன் போடுவது மண்ணுக்குத்தான்.

மூன்றாம் வாரம் கட்டைவிரல் வேலை. ஒரே கண்ணிலிருந்து இரண்டு மூன்று தளிர்கள் வந்த இடங்களில் நடுவில் உள்ள திடமான ஒன்றை விட்டு மற்றதை விரலால் தள்ளி உதிர்த்தேன். உட்பக்கம் போன தளிர்களையும். இந்த வயதில் அவை நகம் பட்டாலே வந்துவிடும், கத்தரி வேண்டாம். தடித்த வெட்டுகள் இரண்டில் மட்டும், தண்டைத் துளைக்கும் குளவி உள்ளே போகாமலிருக்க வெள்ளைப் பசை தடவியிருந்தேன். மற்றவற்றுக்கு ஒன்றும் பூசவில்லை, ஒன்றும் ஆகவும் இல்லை.

பீஸில் மூன்று குருட்டுத் தளிர் வந்தது, அவ்வளவு மென்மையாக வெட்டியும். நுனியில் மொட்டு இல்லாமல் இலையோடு நின்றுவிட்டவை. பாதியில், நல்ல ஒரு கண்ணுக்கு மேலே வெட்டிவிட்டேன், அதில் இரண்டு பிறகு பூத்தன.

முதல் பூ நாற்பத்தேழாம் நாள், டபுள் டிலைட்டில். மிஸ்டர் லிங்கன் ஐம்பத்தொன்றாம் நாள். காம்பு நிமிர்ந்து, ஸ்டூல் இல்லாமல், என் நெஞ்சு உயரத்தில். மொட்டுப் பக்கத்தில் வந்த இரண்டு துணை மொட்டுகளைக் கிள்ளியிருந்ததால் பூ நல்ல அளவு. நாலாவது வெட்டில் வெள்ளை கண்ட அந்தத் தண்டும் இரண்டு தளிர் விட்டிருந்தது. அதைவிட, தூரில் முண்டுக்கு மேலே, கருஞ்சிவப்பாகக் கட்டைவிரல் பருமனில் ஒரு புதுத்தண்டு. இந்தத் தடவை மண்டியிட்டு, மண்ணை விலக்கி, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட்டேன்.

பூ உதிரும் முன் வெட்டுவதும் ஒரு சின்னக் கவாத்துதான். மொட்டுக்குக் கீழே முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலைகள் இருக்கும், அங்கே கண் சோனி. ஐந்து சிற்றிலை உள்ள முதல் இலையோ இரண்டாவதோ, வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று பார்த்து அதற்கு மேல் வெட்டுகிறேன். புதிதாக நட்ட செடியில் மட்டும் காம்பே இல்லாமல் பூவை மட்டும் எடுக்கிறேன், அதற்கு இப்போது இலைதான் சோறு.

அப்பா ஒரு நாள் மிஸ்டர் லிங்கன் பக்கத்தில் நின்று குனிந்து முகர்ந்துவிட்டு, "மொட்டை பரவாயில்லை" என்றார். பிறகு, கத்தரியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். வாசலில் இருக்கும் செம்பருத்தி மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். கத்தரியைக் கொடுப்பதற்கு முன்னால் ஆல்கஹால் துணியால் துடைத்தேன்.